சுதந்திராக் கட்சியின் பேரப்பிள்ளைகள்

வரி என்பதே திருட்டு, அரசு என்பதே கொள்ளைக்கூட்டம், சந்தைக்குச் சாதி தெரியாது என்று பேசும் இளைஞர்களை இப்போது விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும்கூடப் பார்க்க முடிகிறது. பொறியியல் படித்தவர்கள், பங்குச்சந்தைக் காணொளிகளில் ஊறியவர்கள். இவர்களில் சிலர் நம் வீட்டுப் பிள்ளைகள், காலனியில் பிறந்து வளர்ந்தவர்கள் என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. எந்தக் கட்சி என்று கேட்டால், "இடதும் இல்லை வலதும் இல்லை, நான் லிபர்டேரியன்" என்கிறார்கள். தனிமனித சுதந்திரம் ஒன்றே கொள்கையாம். அமெரிக்காவில் இதற்கென்று தனிக் கட்சியே இருக்கிறதாம். அது குடியரசுக் கட்சியையும் எதிர்க்கும், சனநாயகக் கட்சியையும் எதிர்க்குமாம்.

சரி, அமெரிக்காவிலிருந்தே தொடங்குவோம்.

லிபர்டேரியன் கட்சி 1971 டிசம்பரில் கொலராடோ மாநிலத்தில் தொடங்கப்பட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டில் குடியரசுக் கட்சிக்காரரான நிக்சன் கூலியையும் விலையையும் அரசாணையால் நிறுத்திவைத்தார். சந்தையை நம்பிய சிலருக்கு அது பொறுக்கவில்லை. அடுத்த ஆண்டுத் தேர்தலில் அவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு தேர்வர் வாக்கு. அதுவும் குடியரசுக் கட்சித் தேர்வர் ஒருவர் கட்சி மாறிப் போட்டது. 2016இல் கேரி ஜான்சன் சுமார் 45 லட்சம் வாக்குகள், அதாவது 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல் வாங்கியதுதான் அவர்களின் உச்சம். 2024இல் அரை விழுக்காடுகூட வரவில்லை. கட்சி என்று பார்த்தால் இவ்வளவுதான்.

கருத்து என்று பார்த்தால் கதை வேறு. கட்சி பிறப்பதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே அந்தக் கருத்து குடியரசுக் கட்சிக்குள் நுழைந்துவிட்டது. 1964இல் அக்கட்சியின் அதிபர் வேட்பாளர் பேரி கோல்ட்வாட்டர். அதே ஆண்டில் வந்த குடிமை உரிமைகள் சட்டத்துக்கு எதிராக செனட்டில் வாக்களித்தவர். கறுப்பின மக்களை வெறுப்பதால் அல்ல, உணவகமும் விடுதியும் தனியார் சொத்து என்பதால்தான் எதிர்க்கிறேன், யாரை உள்ளே விடுவது என்று உரிமையாளருக்குச் சட்டம் கட்டளையிட முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். நல்ல மனிதர் என்றே வைத்துக்கொள்வோம். வாக்கு எங்கே விழுந்தது? சொந்த மாநிலமான அரிசோனாவை விட்டால் அவர் வென்றவை ஐந்தே மாநிலங்கள்: மிசிசிப்பி, அலபாமா, ஜார்ஜியா, லூசியானா, தென் கரோலினா. நிறவெறி தலைவிரித்தாடிய ஆழ்தெற்கு மாநிலங்கள் எல்லாம் அந்த 'சுதந்திர'த்தின் பொருளைச் சரியாகவே புரிந்துகொண்டன.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1960 பிப்ரவரியில் கிரீன்ஸ்பரோ நகரக் கடை ஒன்றில், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவு மேசையில் நான்கு கறுப்பின மாணவர்கள் போய் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டது ஒரு குவளை காப்பி. லிபர்டேரியன் கோட்பாட்டின்படி அந்த மாணவர்கள் அத்துமீறியவர்கள், கடைக்காரர் உரிமையாளர். இதை அப்படியே எடுத்து நம் ஊர்த் தேநீர்க் கடையில் வையுங்கள். பெஞ்சுக்கு அந்தப் பக்கம் கண்ணாடித் தம்ளர், இந்தப் பக்கம் தேங்காய்ச் சிரட்டை அல்லது தனித் தம்ளர். கடை அவருடையது, தம்ளரும் அவருடையது. யாருக்கு எதில் ஊற்ற வேண்டும் என்று சொல்ல அரசு யார்?

இந்தக் கேள்விக்கு நம் அரசியல் சட்டம் 1950லேயே பதில் சொல்லிவிட்டது. கடை, உணவகம், விடுதி, கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றில் சாதி பார்த்து எவரையும் தடுக்கக்கூடாது என்கிறது 15ஆம் உறுப்பின் இரண்டாம் பிரிவு. அரசுக்கு மட்டுமல்ல, கடைக்காரருக்கும் சேர்த்தே அந்தக் கட்டளை. 17ஆம் உறுப்பு தீண்டாமையை எந்த வடிவிலும் குற்றமாக்குகிறது. அமெரிக்கா 1964இல் சட்டம் போட்டுச் செய்ததை அம்பேத்கர் தலைமையில் எழுதப்பட்ட சட்டம் 14 ஆண்டுகள் முன்பே அடிப்படை உரிமையாக எழுதிவைத்தது. அரசிடமிருந்து மட்டும் மனிதனைக் காப்பாற்றினால் போதாது, பக்கத்து வீட்டுக்காரனிடமிருந்தும் பண்ணையாரிடமிருந்தும் முதலாளியிடமிருந்தும் காப்பாற்ற வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அரசு விலகிக்கொண்டால் அந்த இடத்தில் சுதந்திரம் வந்து உட்காராது, தனியார் எசமானர்களின் சர்வாதிகாரம்தான் வந்து உட்காரும் என்று 1947இல் அரசியல் நிர்ணய சபைக்காக எழுதிய கோரிக்கை ஆவணத்திலேயே அவர் வாதிட்டிருக்கிறார். தம்பிகள் அயன் ராண்டைப் படிப்பதற்கு முன் அந்தச் சிறு நூலைப் படித்திருக்கலாம். பக்கங்களும் குறைவு.

மறுபடி அமெரிக்காவுக்கு வருவோம். லிபர்டேரியன் கொள்கையில் உண்மையிலேயே இரண்டு பாதிகள் உண்டு. ஒரு பாதி சொத்து: வரியைக் குறை, தொழிலாளர் சட்டத்தை நீக்கு, நலத்திட்டங்களை நிறுத்து. மறு பாதி உடல்: காவல்துறையின் கையைக் கட்டு, சிறைகளைக் காலிசெய், போருக்குப் போகாதே, எல்லை தாண்டி வருபவனை வேட்டையாடாதே, யார் யாரோடு வாழ்கிறார்கள் என்று எட்டிப் பார்க்காதே. இந்த இரண்டாம் பாதியில் நமக்கு உடன்பாடானவை நிறைய. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் பெரிய கட்சியோடு பேரம் படியும்போது எந்தப் பாதி விலைபோகிறது? ரீகன் காலத்திலிருந்து குடியரசுக் கட்சி எடுத்துக்கொண்டது சொத்துப் பாதியை. வரிக்குறைப்பு வந்தது, சிறைகளும் கூடவே நிரம்பின. சனநாயகக் கட்சி கஞ்சாச் சட்டம், தன்பாலினத் திருமணம் போன்றவற்றில் மறு பாதியிலிருந்து கொஞ்சம் கிள்ளிக்கொண்டது, அதுவும் தாமதமாக. 2024 மே மாதம் டிரம்ப் லிபர்டேரியன் கட்சி மாநாட்டு மேடைக்கே போய் ஆதரவு கேட்டார். கூட்டம் கூச்சலிட்டது. இணையக் கள்ளச்சந்தை நடத்தி ஆயுள் தண்டனை பெற்ற ராஸ் உல்பிரிக்ட்டை விடுவிப்பேன் என்று வாக்குக் கொடுத்தார், பதவியேற்ற மறுநாளே மன்னிப்பும் கொடுத்தார். ஓர் ஆள் வெளியே வந்தார். குடியேறிகளைத் தேடித் தேடிப் பிடித்து நாடு கடத்தும் வேலை அதே கையால் தொடர்ந்தது.

இது ஏன் இப்படி நடக்கிறது என்பதில் புதிர் எதுவும் இல்லை. சொத்துப் பாதிக்கு வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் தேர்தல் நிதி இருக்கிறது. உடல் பாதிக்கு வாடிக்கையாளர்கள் சிறையிலும் எல்லையிலும் இருக்கிறார்கள்.

இனி நம் கதை. இந்தச் சரக்கு நமக்குப் புதிதே அல்ல. அமெரிக்காவில் அந்தக் கட்சி பிறப்பதற்குப் 12 ஆண்டுகள் முன்பே, 1959 ஜூனில் சென்னையில் அறிவிக்கப்பட்டது சுதந்திராக் கட்சி. அந்த ஆண்டு சனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ், நில உச்சவரம்பு வேண்டும், கூட்டுறவுப் பண்ணைகள் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதற்கு வந்த எதிர்வினைதான் இது. ராசாசி, மினு மசானி, என்.ஜி. ரங்கா, கே.எம். முன்ஷி ஆகியோர் முன்னணியில் நின்றார்கள். 'பெர்மிட் லைசென்ஸ் ராஜ்' என்ற வசைச்சொல்லைப் புழக்கத்தில் விட்டவர் ராசாசி. வட நாட்டில் அக்கட்சிக்குத் தோள் கொடுத்தவர்கள் யார் என்று பார்த்தால் செய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி, பீகாரின் ராம்கர் ராசா, ஒரிசாவின் சிற்றரசர்கள். பெயர் சுதந்திரா, வந்தவர்கள் மன்னர்கள்! நிலம் போகிறதே என்று பதறியவர்கள் தனிமனித உரிமை என்று பேசினார்கள்.

தலைவருடைய சுதந்திரப் பற்றையும் ஒரு முறை சரிபார்த்துவிடலாம். 1937இல் முதலமைச்சரான ராசாசி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். எதிர்த்தவர்களைக் குற்றவியல் திருத்தச் சட்டத்தில் உள்ளே தள்ளினார். அந்தச் சிறையில்தான் 1939இல் ஒடுக்கப்பட்ட சமூகத்து இளைஞர் நடராசனும் பின் தாளமுத்துவும் உயிர்விட்டார்கள். 1938இல் எம்.சி. இராசா ஆலய நுழைவு மசோதா கொண்டுவந்தபோது அதைத் தோற்கடித்தது இவருடைய அரசுதான். மறு ஆண்டு மதுரையில் கோயில் நுழைவு நடந்தபின் அவரே சட்டம் கொண்டுவந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1953இல் வந்தது குலக்கல்வித் திட்டம்: அரை நாள் பள்ளி, மீதி நாள் அப்பன் தொழில். ஆலை முதலாளி என்ன உற்பத்தி செய்யலாம் என்று அரசு சொல்லக்கூடாதாம். வண்ணார் மகன் மதியத்துக்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் அரசு சொல்லலாமாம். எந்த அகராதியில் இதற்குப் பெயர் சுதந்திரம்?

பெரிய கட்சிகளோடு சுதந்திராவுக்கு இருந்த உறவுதான் சுவாரசியமானது. 1962 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டில் அதற்கு 6 இடங்கள். 1967இல் தி.மு.க. கூட்டணியில் சேர்ந்தது, 20 இடங்கள் கிடைத்தன. குலக்கல்வியை எதிர்த்து மறியல் செய்த கட்சியோடு குலக்கல்வியைக் கொண்டுவந்தவர் கைகோத்தார். ஒரு கையால் பூணூலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் உதயசூரியனுக்கு முத்திரை குத்துங்கள் என்று தன் சாதியாரிடம் அவர் கேட்டுக்கொண்டதாக ஒரு கதை இன்றும் உலவுகிறது. யார் யாரைப் பயன்படுத்திக்கொண்டார்கள்? தி.மு.க. தனிப் பெரும்பான்மையோடு வந்துவிட்டது. வந்தவுடன் செய்தவற்றைப் பாருங்கள். சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி. பேருந்து வழித்தடங்கள் அரசுடைமை. 30 தர ஏக்கராக இருந்த நில உச்சவரம்பு 1970இல் 15 ஆனது. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று 1967லேயே சட்டம் வந்தது. தனிமனிதனைப் புரோகிதரிடமிருந்து விடுவித்தது சந்தை அல்ல, சட்டமன்றம். கூட்டணியிலிருந்த சுதந்திராவின் பொருளாதாரத்தில் ஒரு பருக்கைகூட ஆட்சியில் ஏறவில்லை. 1971இல் ராசாசி மறுபடி காமராசர் பக்கம் போனார், தோற்றார். அவர் 1972 டிசம்பரில் மறைந்தார், கட்சி 1974இல் சரண்சிங்கின் லோக்தளத்தில் கரைந்தது.

கட்சி கரைந்தாலும் சரக்கு கரையவில்லை. அதைப் புரிந்துகொள்ள நிலத்தையும் இட ஒதுக்கீட்டையும் ஒரே கயிற்றில் கட்டிய வரலாற்றைப் பார்க்க வேண்டும். சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று செண்பகம் துரைராசன் வழக்கில் நீதிமன்றம் சொன்னது. அதை மீட்கத்தான் 1951இல் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. இட ஒதுக்கீட்டுக்கு வழிவிடும் 15(4) அதில்தான் பிறந்தது. சமீன் ஒழிப்புச் சட்டங்களைக் காப்பாற்றும் ஒன்பதாம் அட்டவணையும் அதே திருத்தத்தில்தான் பிறந்தது. 1961ஆம் ஆண்டு சென்னை நில உச்சவரம்புச் சட்டத்தை 1964இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. 17ஆம் திருத்தம் அதை ஒன்பதாம் அட்டவணைக்குள் கொண்டுபோய்க் காப்பாற்றியது. அந்தத் திருத்தத்தை முழுமூச்சாக எதிர்த்தது சுதந்திராக் கட்சி. முப்பது ஆண்டுகள் கழித்து, 1994இல், தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டு இட ஒதுக்கீடு எங்கே போய் ஒதுங்கியது? அதே ஒன்பதாம் அட்டவணையில்.

இன்றைய இந்திய லிபர்டேரியன்களின் முதல் கோரிக்கைகளில் ஒன்று, ஒன்பதாம் அட்டவணையைத் தூக்கி எறி, சொத்துரிமையை மறுபடி அடிப்படை உரிமையாக்கு என்பது. இதைச் சொல்லும்போது இட ஒதுக்கீடு என்ற சொல்லையே அவர்கள் உச்சரிக்க மாட்டார்கள். உச்சரிக்கத் தேவையில்லை. கூரையைப் பிரித்தால் உள்ளே இருப்பவன் தானாக நனைவான். நீலகிரியின் கூடலூர் சன்மி நில வழக்கில் 2007இல் வந்த தீர்ப்பு, 1973 ஏப்ரலுக்குப் பிறகு அட்டவணையில் சேர்ந்த சட்டங்களை நீதிமன்றம் ஆராயலாம் என்று ஏற்கெனவே ஓட்டையைப் போட்டுவிட்டது. சொத்துரிமை பேசும் தம்பி, தன் கல்லூரி இடம் எந்தத் தூணில் நிற்கிறது என்று ஒரு முறை அண்ணாந்து பார்த்தால் நல்லது.

சந்தைக்குச் சாதி தெரியாது என்கிறார்களே, அதற்கு விழுப்புரத்தில் நின்று பதில் சொல்கிறேன். 1978 சூலையில் இந்த நகரத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். வெண்மணி போலக் கூலி கேட்ட வயல்காடு அல்ல இது. நகரம், அதிலும் கடைத்தெருவிலிருந்து கிளம்பிய கலவரம். எம்.ஜி.ஆர். அரசு நீதிபதி சதாசிவம் தலைமையில் விசாரணை ஆணையம் வைத்தது. கொடுக்கல் வாங்கல் தினமும் நடந்த இடம்தான் அது. நம் ஆட்கள் அங்கே மூட்டை தூக்கினார்கள், பொருள் வாங்கினார்கள், காசு கொடுத்தார்கள். காசைத் தொட்ட கை பன்னிரண்டு உயிரையும் தொட்டது.

மேல்பாதிக்கு வாருங்கள், விழுப்புரத்திலிருந்து கூப்பிடு தூரம். 2023 ஏப்ரலில் தர்மராசா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் நுழைந்த தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். சூன் மாதம் அதிகாரிகள் கோயிலைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். எந்தச் சட்டப் பிரிவில் தெரியுமா? குற்றவியல் நடைமுறைச் சட்டம் 145. நிலம், நீர் யார் அனுபவத்தில் இருக்கிறது என்ற தகராறுக்கான பிரிவு. தீண்டாமைக் குற்றம் கோப்புக்குள் போனபோது சொத்துத் தகராறாக மாறிவிட்டது. இப்படிப்பட்ட ஊர்களில் எல்லாம் நாம் கேட்கும் வாதமும் அதுதான்: இது எங்கள் வகையறா கட்டிய கோயில், எங்கள் வரிப்பணம், எங்கள் இடம், விருப்பப்பட்டவரை விடுவோம். அச்சு அசலான கோல்ட்வாட்டர் வாதம்! 2025 ஏப்ரலில் உயர் நீதிமன்ற ஆணையோடும் காவல் பாதுகாப்போடும்தான் நம் மக்கள் உள்ளே போய்க் கும்பிட்டார்கள். கோயிலே வேண்டாம் என்பவன் நான், அது வேறு விவாதம். உள்ளே போகாமல் இருப்பது என் முடிவாக இருக்க வேண்டும், ஊரின் முடிவாக அல்ல.

ஒப்பந்த சுதந்திரம் என்று இன்னொன்று சொல்வார்கள். விருப்பப்பட்ட இருவர் கையெழுத்திட்டால் மூன்றாமவருக்கு, அதாவது அரசுக்கு, அங்கே வேலை இல்லையாம். செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போகும் இருளர்களை விழுப்புரம் மாவட்டத்தில் எந்தத் தாலுகாவில் வேண்டுமானாலும் கேளுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், கையில் காசில்லை, முதலாளி சில ஆயிரம் நீட்டுகிறார். கழுத்தில் கத்தி இல்லை, ஆகவே விருப்ப ஒப்பந்தம்! அந்தக் கடன் அடையவே அடையாது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இந்த 'விருப்ப'த்தைச் செல்லாது என்கிறது, கடனையும் சேர்த்தே ரத்து செய்கிறது. லிபர்டேரியன் பார்வையில் இது ஒப்பந்தத்தில் அரசின் அத்துமீறல். சூளையிலிருந்து மீட்கப்பட்டவர் பார்வையில் என்ன என்பதைத் திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று நடத்தும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதே சங்கத்தாரிடம் இன்னொன்றையும் கேட்கலாம்: எங்கே திருட்டு நடந்தாலும் இருளரைப் பிடித்துப் பொய்வழக்குப் போட்டது யார்? காவல்துறை. அதாவது அரசு. லிபர்டேரியன் தம்பி இங்கே துள்ளி எழுவார், எழட்டும். வாச்சாத்தியில் 1992இல் மலைவாழ் மக்களைச் சூறையாடியது வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும்தான். பரமக்குடியில் 2011இல் சுட்டது காவல்துறைதான். 1987 செப்டம்பரில் இதே வட மாவட்டங்களில் சாலை மறியல் செய்த வன்னியர்களைச் சுட்டதும் அரசுதான். அரசை நாம் எந்தக் காலத்திலும் சாமியாகக் கும்பிட்டதில்லை. ஆனால் நம் ஊர் லிபர்டேரியன்கள் அரசின் துப்பாக்கியைப் பற்றிப் பேசி நீங்கள் கேட்டதுண்டா? அவர்கள் கேட்பதெல்லாம் இலவசப் பேருந்து எதற்கு, ரேசன் அரிசி எதற்கு, உரிமைத்தொகை எதற்கு என்பதுதான். அரசின் லத்தியைவிட அரசின் அரிசிதான் அவர்களுக்கு அதிகம் வலிக்கிறது.

தலித் முதலாளியம் என்ற வாதத்தைத் தட்டிக்கழிக்க மாட்டேன். லைசென்ஸ் காலத்தில் லைசென்ஸ் யாருக்குக் கிடைத்தது, நம்மவருக்கா என்று சந்திரபான் பிரசாத் போன்றவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. தலித் தொழில்முனைவோருக்கான இந்தியத் தொழில் வர்த்தகக் கூட்டமைப்பு 2005 முதல் இயங்குகிறது. நம் பிள்ளைகள் கடை வைக்க வேண்டும், ஆலை வைக்க வேண்டும், அதில் என்ன தப்பு? ஆனால் அந்தக் கூட்டமைப்பு அரசிடம் கேட்டுப் பெற்றது என்ன? பொதுக் கொள்முதலில் பங்கு. 2012இல் ஒன்றிய அரசு தன் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு ஒதுக்கியது. சந்தைக்குள் நுழையவே அரசின் கதவு தேவைப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அவர்களுடைய சொந்த வேதத்திலிருந்தே ஒன்று கேட்கிறேன். லிபர்டேரியன் தத்துவத்தின் பெரிய மூளை ராபர்ட் நோசிக். 1974இல் அவர் எழுதிய நூலில் சொத்து நியாயமாக வந்ததா என்று பார்க்க வேண்டும் என்கிறார். அநியாயமாக வந்திருந்தால் அதைச் சரிசெய்தே ஆக வேண்டும் என்று ஒரு விதியும் வைக்கிறார். இந்த விதி வரும் பக்கத்தை மட்டும் சீடர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். நாம் தாண்ட வேண்டாம். செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலை குறித்துக் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க ஆணை வந்தது. அதுதான் பஞ்சமி நிலம். பத்து ஆண்டுகள் விற்கக்கூடாது, பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. சென்னை மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் இப்படி ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. பெரும்பகுதி இன்று யார் கையில்? வட்டாட்சியர் அலுவலகத்து 'அ' பதிவேட்டைப் புரட்டினால் திருட்டின் தடம் சர்வே எண்ணோடு கிடைக்கும். மீட்கப் போனவர்கள்மீது 1994 அக்டோபரில் காரணையில் துப்பாக்கிச்சூடு நடந்து இருவர் செத்தார்கள். சொத்துரிமை புனிதம் என்று சொல்லும் எந்த அமைப்பாவது பஞ்சமி நிலம் என்ற உறுதியான, எழுத்தில் உள்ள, பறிக்கப்பட்ட சொத்துக்காக ஒரு துண்டறிக்கை போட்டிருந்தால் காட்டுங்கள். மாறாக, விற்கத் தடை போட்டதால்தான் தலித்துகள் ஏழையாக இருக்கிறார்கள், தடையை நீக்கினால் நல்ல விலை கிடைக்கும் என்கிறார்கள். திருடியவனுக்குப் பட்டா கொடுக்கும் வழி அது.

இந்தச் சரக்கைப் பெரிய கட்சிகள் இங்கே என்ன செய்கின்றன? அமெரிக்காவில் நடந்ததுதான். தனிக் கட்சி தேவைப்படவில்லை, சொத்துப் பாதியை எல்லாக் கட்சிகளும் பங்குபோட்டுக்கொண்டன. 1991இல் கதவைத் திறந்தது காங்கிரஸ். குறைந்த அரசாங்கம் என்று 2014இல் முழங்கி வந்த பா.ச.க., 29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாகச் சுருக்கியது. எதை உண்பது, யாரை மணப்பது என்பதில் மட்டும் அதன் அரசாங்கம் குறையவே இல்லை. தி.மு.க.வைச் சும்மா விடவும் முடியாது. 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தத்தைப் பேரவையில் நிறைவேற்றியது. இடதுசாரிகளும் விடுதலைச் சிறுத்தைகளும் வெளிநடப்பு செய்தார்கள், தொழிற்சங்கங்கள் கொதித்தன, மே நாளன்று முதலமைச்சர் திரும்பப் பெற்றார். 2025 ஆகஸ்டில் சென்னையின் இரண்டு மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலையைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் அமர்ந்த தூய்மைப் பணியாளர்களை நள்ளிரவில் கைது செய்ததும் இதே அரசுதான். சமூகநீதி ஆட்சி என்கிறார்கள். அங்கே அமர்ந்திருந்தவர்கள் எந்தச் சமூகம் என்று எல்லோருக்கும் தெரியும்.

சிறிய கட்சி பெரிய கட்சியோடு சேர்வதே பாவம் என்று நான் சொல்லவில்லை. 1952இல் பெரும்பான்மை இல்லாமல் தவித்த ராசாசி, பொதுநலக் கட்சியின் மாணிக்கவேல் நாயக்கரை அமைச்சராக்கிக் கரையேறினார். தென்னார்க்காட்டில் 19 இடங்களோடு வலுவாக நின்ற உழைப்பாளர் கட்சியின் ராமசாமிப் படையாட்சியாரை 1954இல் காமராசர் அமைச்சராக்கினார். இரண்டு பேரத்திலும் சேரிக் கூலியாளுக்கு வரி எழுதப்படவில்லை. அதன் பிறகு தைலாபுரத்தில் எத்தனையோ கூட்டணிகள் பேசி முடிந்தன. அவற்றிலும் எழுதப்படவில்லை. விழுப்புரம் தொகுதியில் ரவிக்குமார் 2019இல் உதயசூரியன் சின்னத்திலும் 2024இல் பானைச் சின்னத்திலும் வென்றார். சின்னம் மாறியது சின்ன விசயம் அல்ல. ஆனால் 12 மணி நேரச் சட்டத்தை நிறுத்தியது போல இன்னும் எத்தனையை நிறுத்தினோம், எத்தனைக்குக் கை தூக்கினோம் என்பதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

உடல் பாதியை யாரும் வாங்கவில்லை என்றேன். அதற்கு ஒரு சோதனை வைக்கிறேன். மனிதன் எடுக்கும் முடிவுகளிலேயே மிகத் தனிப்பட்டது யாரோடு வாழ்வது என்பது. 2012 நவம்பரில் தருமபுரி நாயக்கன்கொட்டாயில் ஒரு காதல் திருமணத்துக்காக மூன்று சேரிகள் எரிந்தன. இன்றும் சாதி மாறி மணப்பவர்கள் ஊரைவிட்டு ஓடுகிறார்கள், சிலர் உயிர் தப்புவதில்லை. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்யப் போனால், அந்த இணையரின் பெயரும் முகவரியும் 30 நாள்கள் பதிவு அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்படும். தேடி வருபவனுக்கு அரசே எழுதிக் கொடுக்கும் முகவரி! இணையர் விரும்பினால் மட்டும் ஒட்டினால் போதும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021இல் சொன்னது. இங்கே அறிவிப்புப் பலகை அப்படியே இருக்கிறது. தனிமனிதனின் அந்தரங்கத்தில் அரசு மூக்கை நுழைக்கக்கூடாது என்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழக்கு கிடைக்காது. திண்டிவனம் சார்பதிவாளர் அலுவலகத்து வாசலில் அந்தப் பலகையை எடுக்கச் சொல்லி லிபர்டேரியன் தம்பிகள் ஒரு நாள் நிற்கட்டும். நாங்களும் வந்து பக்கத்தில் நிற்கிறோம். கொடி எதுவும் வேண்டாம்.